சுமை ஏற ஏற ஜெனரேட்டர் டிஇ (ஓட்டும் பக்க) பேரிங் அதிர்வு ஏறுகிறது: பேலன்ஸிங் போதுமா, ரோட்டரை வெளியே எடுக்க வேண்டுமா?

இணைமின்15 (கேள்வி)

வணக்கம். சர்க்கரை ஆலை இணை மின் நிலையத்தில் உள்ள இயந்திரம்: 15 மெகாவாட், 11 கேவி, 1500 ஆர்பிஎம், 4 போல் சேலியன்ட் ரோட்டர் (போல்கள் துருத்தி நிற்கும் வகை), பிரஷ்லெஸ் எக்ஸைட்டர் (ரோட்டர் சுருளுக்கு மின்னோட்டம் தருவது). டர்பைன் கியர்பாக்ஸ் வழியாக ஓட்டுகிறது. இரு பக்கமும் ஒயிட் மெட்டல் பேரிங், ஜர்னல் (பேரிங்கில் உட்காரும் ஷாஃப்ட் பகுதி) விட்டம் 200 மி.மீ. ரோட்டர் எடை ஏறக்குறைய 8 டன். அடித்தளம் கான்கிரீட், பீடம் இறுக்கமானது.

டிஇ பேரிங்கில் கிடைமட்ட அதிர்வு (ஆர்எம்எஸ்) இப்படி இருக்கிறது. வோல்டேஜ் ஏற்றி, சுமை இல்லாமல் ஓடும்போது 1.8 மி.மீ./வி. 12 மெகாவாட், யூனிட்டி பவர் ஃபேக்டரில் (மெகாவார் இல்லாமல்) 3.1. அதே 12 மெகாவாட், 0.85 லேகிங்கில் (மெகாவாரும் கொடுக்கும்போது) 5.4. என்டிஇ பக்கம் (ஓட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்) 2.9-க்கு மேல் போனதில்லை. ஸ்பெக்ட்ரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே 25 ஹெர்ட்ஸ்தான். 50-லும் 100-லும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

டிஇ பேரிங் மெட்டல் வெப்பநிலை அரவைத் தொடக்கத்தில் 66 டிகிரி, இப்போது அதே சுமையில் 79. உள்ளே வரும் எண்ணெய் அன்றும் இன்றும் 45 டிகிரிதான். ஷாஃப்ட் ப்ரோப் கேப் வோல்டேஜ் (ப்ரோப்புக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவது) எக்ஸ் -10.0-லிருந்து -10.5-க்கும், ஒய் -9.9-லிருந்து -10.4-க்கும் நகர்ந்திருக்கிறது. எண்ணெய் பரிசோதனையில் வெள்ளீயம் 2 பிபிஎம், அது இயல்பு என்று ஆய்வகம் சொல்கிறது.

25 ஹெர்ட்ஸ் என்றால் அன்பேலன்ஸ்தான், இடத்திலேயே பேலன்ஸ் செய்துவிடலாம் என்கிறார் அதிர்வு அளக்க வந்த ஒப்பந்ததாரர். அரவை முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. என்ன செய்வது?

---

கட்டக்கோணம்

பேலன்ஸிங்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சுழற்சி வேகத்தில் வரும் அதிர்வெல்லாம் அன்பேலன்ஸ் என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் அதிகம் செலவு வைக்கும் தவறு. எடை சமமின்மை சுமையைப் பார்த்து ஏறாது, இறங்காது. வேகம் மாறினால்தான் மாறும். உங்கள் இயந்திரம் 1500-லேயே நிற்கும்போது 1.8 எப்படி 5.4 ஆகும்? அதுவும் மெகாவாட்டைத் தொடாமல் மெகாவாரை (ரியாக்டிவ் பவர்) மட்டும் ஏற்றியதில் 3.1-லிருந்து 5.4-க்குப் போயிருக்கிறது. மெகாவாட் மாறவில்லை என்றால் டார்க் மாறவில்லை. ஆகவே கியர்பாக்ஸ், கப்ளிங், அலைன்மென்ட் மூன்றையும் முதல் சந்தேகத்திலிருந்து கீழே இறக்கலாம். மாறியது ஃபீல்ட் கரன்ட், அதாவது ரோட்டர் போல்களைக் காந்தமாக்கும் மின்னோட்டம்.

அளவுகோலைப் பொறுத்தவரை, 40 மெகாவாட்டுக்கு உட்பட்ட உங்கள் இயந்திரத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 பொருந்தும். 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய இயந்திரம், இறுக்கமான அடித்தளம் என்றால் ஏ, பி, சி, டி மண்டலங்களுக்கு நடுவிலான எல்லைகள் 2.3, 4.5, 7.1 மி.மீ./வி. 5.4 என்பது சி மண்டலம்: சில காலம் ஓட்டலாம், நிரந்தரமாக ஓட்டக் கூடாது. இதைவிட முக்கியமானது மாற்றத்துக்கான விதி. பி மண்டல உச்சத்தில் கால் பங்கு, அதாவது 1.1 மி.மீ./வி மாறினாலே, கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, காரணம் தேட வேண்டும். உங்களுக்கு மாற்றம் அதைப் போல மூன்று மடங்கு. ட்ரிப் அளவு (இயந்திரம் தானாக நிற்கும் அளவு) 7.1-ஐப் போல 1.25 மடங்கைத் தாண்டக் கூடாது, 8.9-க்கு மேல் வைத்திருந்தால் இன்றே குறையுங்கள்.

ஃபீல்ட் கரன்டால் 25 ஹெர்ட்ஸ் ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று காந்த இழுப்பு: ஒரு போலில் சுற்றுகள் ஷார்ட் ஆனால் அந்தப் போலின் காந்தப்புலம் குறையும், எதிர்ப்பக்கப் போல் ரோட்டரைத் தன் பக்கம் இழுக்கும். இந்த விசை ரோட்டரோடு சேர்ந்து சுழல்வதால் 25 ஹெர்ட்ஸாகவே தெரியும். மற்றொன்று வெப்ப வளைவு: ரோட்டரின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடாகி ஷாஃப்ட் லேசாக வளைவது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரம். காந்த இழுப்பு உடனே வரும், உடனே போகும். வெப்பம் ஒன்று ஒன்றரை மணி நேரம் எடுக்கும்.

ஆகவே இதைச் செய்யுங்கள். 12 மெகாவாட்டில் யூனிட்டியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, எல்லா வெப்பநிலையும் அசையாமல் நின்ற பிறகு அதிர்வின் அளவையும் ஃபேஸ் கோணத்தையும் (ஒரு சுற்றில் அதிர்வின் உச்சம் எந்தக் கோணத்தில் வருகிறது என்பது) எழுதுங்கள். பிறகு மெகாவாட்டைத் தொடாமல் 7.4 மெகாவார் வரை ஏற்றுங்கள், அதுதான் 0.85. முதல் நிமிடத்தில் ஒரு அளவீடு, அதன் பின் பத்து நிமிடத்துக்கு ஒன்று, நகர்வு நிற்கும் வரை. ஒவ்வொன்றோடும் எக்ஸைட்டர் ஃபீல்ட் கரன்டையும் குறிக்க வேண்டும். முடிந்தால் மெகாவாரை நிறுத்தி மெகாவாட்டை மட்டும் 12-லிருந்து 8-க்கு இறக்கி ஒரு முறை பாருங்கள். ஃபேஸ் கோணம் இல்லாத அளவீடு இங்கே எதற்கும் உதவாது.

---

வெள்ளீயம்

பேரிங் பற்றி மட்டும் சொல்றேன் சார். ரோட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்க டிஇ பேரிங் தேஞ்சிருக்கு. கேப் வோல்டேஜே அதைச் சொல்லுது.

ப்ரோப் சாதாரணமா ஒரு மைக்ரானுக்கு 7.87 மில்லிவோல்ட். 0.5 வோல்ட் நகர்ந்தா 63 மைக்ரான். ரெண்டு ப்ரோப்பும் மேலே 45 டிகிரி சாய்வுல இருக்கும்னு எடுத்துக்கிறேன். அப்ப ஷாஃப்ட் நேர் கீழே இறங்கினது 63-ஐ 0.707-ஆல வகுத்தா வரும் 90 மைக்ரான். ரெண்டும் ஒரே அளவு, ஒரே திசையில நகர்ந்திருக்கறதால ப்ரோப் கோளாறுன்னு தள்ளிவிட முடியாது. ஒண்ணு மட்டும் நகர்ந்திருந்தா ப்ரோப் லாக் நட்டைத்தான் முதல்ல பாக்கணும். இன்னொரு உறுதிக்கு, அடுத்த முறை நிறுத்தி நல்லா ஆறின பிறகு நின்ன நிலையில கேப் எடுத்து, கமிஷனிங் தாள்ல இருக்கற நின்ன நிலை கேப்போட ஒப்பிடுங்க. ஓடும்போது எண்ணெய்ப் படலம் ஷாஃப்டைத் தூக்கும், சுமைக்குத் தக்கபடி இடம் மாறும். நின்ன நிலையில அந்த வித்தியாசம் கிடையாது.

200 மி.மீ. ஜர்னலுக்குப் புது இடைவெளி 0.30 மி.மீ. பக்கம்தான் இருக்கும். அதுல 0.09 போச்சுன்னா 0.39. ஒன்றரை மடங்கைத் தொட்டா மாத்தறது வழக்கம். நீங்க கிட்ட வந்துட்டீங்க. ஆனா என்னை யோசிக்க வைக்கிறது அது இல்ல. இடைவெளி மட்டும் பெருசானா எண்ணெய் அதிகம் பாயும், சூடு குறையத்தான் செய்யணும். உங்களுக்கு 13 டிகிரி ஏறியிருக்கு. அப்படின்னா ஒயிட் மெட்டல் பரப்பே கெட்டிருக்கணும், இல்லைன்னா அந்தப் பேரிங்குக்குப் போற எண்ணெய் குறைஞ்சிருக்கணும். ஆரிஃபிஸ் (எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தற துளை), ஃபில்டர் டிபி (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம்), பேரிங் நுழைவு அழுத்தம் மூணையும் இன்னைக்கே பாருங்க, இதுக்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்ல.

2 பிபிஎம் வெள்ளீயத்தை வச்சு நிம்மதியாகாதீங்க. அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை 5, 8 மைக்ரானுக்கு மேல இருக்கற துகளைச் சரியா எண்ணாது. ஒயிட் மெட்டல் தேயும்போது வர்றது பெரும்பாலும் அதைவிடப் பெரிய செதில். ஃபெர்ரோகிராஃபியும் போதாது, வெள்ளீயம் காந்தத்துல ஒட்டாது. பேட்ச் டெஸ்ட் கேளுங்க: எண்ணெயை மெம்பரேன் வழியா வடிகட்டி நுண்ணோக்கியில பாக்கறது. அதைவிட எளிது, மாத்தின ஃபில்டர் எலிமென்டை வெட்டி விரிச்சு வெயில்ல பாருங்க. வெள்ளி மாதிரி மினுக்கற தகடு கண்ணுக்கே தெரியும்.

நிறுத்திப் பேரிங்கைத் திறந்தா கீழ்ப் பாதியோட முகத்தைப் படிக்கணும். சுழலும் திசையில இழுவின மாதிரி மெட்டல் வழிஞ்சிருந்தா எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு. வட்டமா கோடு கோடா இருந்தா அழுக்கு. ஒரு ஓரம் மட்டும் பளபளன்னு இருந்தா ஷாஃப்ட் சாய்வா உக்காந்திருக்கு, அலைன்மென்ட் பாருங்க. மொசைக் தரை மாதிரி வெடிச்சுத் துண்டு பெயர்ந்தா அது ஃபடீக், அதிர்வு நாள்பட அடிச்சதோட விளைவு. மணல் வீசினது மாதிரி மங்கிப் போய், ஜர்னலும் அதே இடத்துல மங்கியிருந்தா ஷாஃப்ட் கரன்ட், அதாவது ஷாஃப்ட்ல இருந்து பேரிங் வழியா பாயற மின்சாரம். கருப்பா கெட்டியா ஒரு தோல் இருந்தா எண்ணெய்ல தண்ணி. அது வெள்ளீய ஆக்சைடு, சுரண்டி எடுத்தா ஜர்னலை அறுக்கும், ஷெல்லை மாத்தறதுதான் வழி.

இடைவெளி அளக்க ஈயக் கம்பி போதும். எதிர்பார்க்கற இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு விட்டம், உங்களுக்கு 0.5 மி.மீ. ஜர்னல் உச்சியில முன்னும் பின்னும் ரெண்டு துண்டு, பிளவு முகத்துல ரெண்டு பக்கமும் துண்டு வச்சு இறுக்கித் திறங்க. உச்சியில நசுங்கின தடிமன்ல இருந்து பிளவு முகத்தோட சராசரியைக் கழிச்சா இடைவெளி. ஷெல்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவுலயும் இதே மாதிரி எடுங்க. அங்க 0.02 முதல் 0.05 வரை இறுக்கம் இருக்கணும், தயாரிப்பாளர் வேற அளவு கொடுத்திருந்தா அதுதான் கணக்கு. மூடி தளர்வா இருந்தா பேரிங் தானே ஆடும். நல்ல ரோட்டரையும் கெட்டதுன்னு காட்டும். ஒயிட் மெட்டல் ஷெல்லை விட்டுப் பிரிஞ்சிருக்கான்னு ஓரத்துல டை பெனட்ரன்ட், நடுவுல அல்ட்ராசோனிக்.

---

இணைமின்15

இருவருக்கும் நன்றி. சோதனை முடிந்தது. ஆரிஃபிஸ், அழுத்தம், ஃபில்டர் டிபி மூன்றும் சரி. ப்ரோப்கள் 45 டிகிரி சாய்வில், மேலேதான் உள்ளன. டிஇ கிடைமட்டம், 25 ஹெர்ட்ஸ் மட்டும்:

சுமை இல்லை: 1.8, கோணம் 40 டிகிரி, எக்ஸைட்டர் ஃபீல்ட் 3.1 ஆம்பியர்.
12 மெகாவாட் யூனிட்டி: 3.1, 93 டிகிரி, 5.6 ஆம்பியர்.
12 மெகாவாட் 0.85: 5.4, 110 டிகிரி, 7.4 ஆம்பியர்.

மெகாவார் ஏற்றிய முதல் நிமிடத்தில் 3.1 வெறும் 3.3 ஆனது. மீதி 75 நிமிடத்தில் மெல்ல ஏறியது. இறக்கியபோது ஏறக்குறைய அதே நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியது. மெகாவாட்டை மட்டும் 8-க்கு இறக்கியபோது, மெகாவார் அப்படியே இருக்க, 5.4 கொஞ்சம்தான் குறைந்தது.

---

கட்டக்கோணம்

அருமையான தரவு. வெக்டராக, அதாவது அளவையும் கோணத்தையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள், 5.4-லிருந்து 1.8-ஐச் சாதாரணமாகக் கழித்தால் தவறான விடை வரும். சுமை இல்லா நிலையிலிருந்து யூனிட்டிக்கு வந்த மாற்றம் 2.5, கோணம் 129. சுமை இல்லா நிலையிலிருந்து 0.85-க்கு வந்த மாற்றம் 5.1, கோணம் 130. திசை இரண்டிலும் ஒன்றே. ரோட்டரில் ஒரே இடம் இரண்டு முறையும் பேசுகிறது.

இனி அளவு. மாற்றங்களின் விகிதம் 2.04. ஃபீல்ட் கரன்ட் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் 2.5 ஆம்பியரும் 4.3 ஆம்பியரும், விகிதம் 1.72. கரன்டின் வர்க்கம் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் 21.8-உம் 45.2-உம், விகிதம் 2.07. வர்க்கத்தோடு ஒத்துப்போகிறது. கம்பியில் பிறக்கும் வெப்பமும் கரன்டின் வர்க்கம்தான். 75 நிமிடக் கணக்கும் அதையே சொல்கிறது. முதல் நிமிடத்தில் வந்த 0.2 மட்டுமே காந்தப் பங்கு.

ஆக, இது வெப்ப வளைவு, திரும்பி வரும் வகை. திரும்பி வராமல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றிருந்தால் சுருள் நகர்கிறது, கட்டுமானம் தளர்ந்திருக்கிறது என்று பயப்பட வேண்டியிருக்கும். உங்களுடையதில் மூன்று காரணங்களைத்தான் தேட வேண்டும். போல்களுக்கு நடுவே காற்றுப் பாதை ஒரு பக்கம் அடைத்திருப்பது. ஒரு போலில் சுற்று ஷார்ட் ஆகி அது மட்டும் குறைவாகச் சூடாவது. சூட்டில் நீளும் சுருள் ஒரு போலில் சிக்கிக்கொண்டு நீள முடியாமல் தள்ளுவது. சர்க்கரை ஆலை என்பதால் என் பணம் முதலாவதன் மேல். டிஇ பேரிங் ஆயில் சீலில் கசியும் ஆவியும் கரும்புச் சக்கைத் தூசியும் கலந்தால் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். அது சீராகப் படிவதே இல்லை. சுத்தம் செய்யும்போது வேக்யூம்தான் பிடிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் தூசி டக்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

---

துருவம்4

சுற்று ஷார்ட்டா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டாம், போல் டிராப் டெஸ்ட் (ஒவ்வொரு போலிலும் விழும் வோல்டேஜை ஒப்பிடுவது) அரை நாள் வேலை. முதலில் ஃபீல்ட் லீடுகளை ரொட்டேட்டிங் டயோடு பக்கத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இதை மறந்தால் டயோடும் கணக்கில் சேரும், மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) போட்டால் டயோடே போய்விடும். ரோட்டர் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் பார்த்துவிட்டு, முழு ஃபீல்டுக்கும் வேரியாக் (வோல்டேஜை மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக 50 ஹெர்ட்ஸ் ஏசி 230 வோல்ட் கொடுங்கள். நான்கு போலுக்கும் தலா 57 வோல்ட் அளவில் வர வேண்டும். சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறையும் போல் சந்தேகத்துக்குரியது. ஷார்ட் ஆன சுற்று டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி போல வேலை செய்வதால், ஒரே ஒரு சுற்று போனாலும் ஏசியில் நன்றாகத் தெரியும், டிசி ரெசிஸ்டன்ஸில் தெரியாது. பக்கத்துப் போல்களும் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவற்றையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

நின்ற நிலையில் நான்கும் சமமாக வந்தால் ஷார்ட் இல்லவே இல்லை என்று ஆகாது. ஓடும்போது மையவிலக்கு விசையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் உண்டு. நிறுத்தியவுடன் சூடாக ஒருமுறை, ஆறிய பின் ஒருமுறை, ரோட்டரை 90 டிகிரி திருப்பி ஒருமுறை எடுங்கள். கூடவே போல்களுக்கு நடுவிலான இணைப்புகளை மைக்ரோ ஓம் மீட்டரில் ஒன்றுக்கொன்று ஒப்பிடுங்கள். விரிசல் விட்ட இணைப்பு அந்த இடத்தை மட்டும் சூடாக்கும்.

ஷாஃப்ட் கரன்ட் பற்றி நண்பர் வெள்ளீயம் சொன்னதோடு ஒன்று. அந்தக் கரன்டைத் தடுக்கும் என்டிஇ பீடத்தின் இன்சுலேஷனை மெக்கர் செய்யும்போது பலரும் விழும் பள்ளம்: ஷாஃப்ட் இரண்டு பேரிங்கிலும் உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் டிஇ பக்கம் வழியாக எர்த் ஆகி எப்போதும் பூஜ்யம்தான் வரும். என்டிஇ ஜர்னலை லேசாகத் தூக்கி நடுவில் பிரெஸ்பான் தாள் (இன்சுலேஷன் அட்டை) வைத்த பிறகு பீடத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே 500 வோல்ட் போடுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் விடாதீர்கள். பல இடங்களில் இன்சுலேஷன் தகடு நன்றாகவே இருக்கும். ஆயில் பைப் ஃப்ளாஞ்ச், ஆர்டிடி (வெப்பநிலை உணரி) உறை, ப்ரோப் பிராக்கெட், ஏன், பெயின்ட் அடித்தவர் விட்டுப்போன வண்ணப் பூச்சும் தூசியும்கூட அதைத் தாண்டிப் பாலம் போட்டிருக்கும். டிஇ பக்க எர்த்திங் பிரஷ் ஷாஃப்டைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். எண்ணெய்ப் படலம் மேல் மிதக்கும் பிரஷ் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

---

இணைமின்15

தெளிவாகிவிட்டது. ஆனால் அரவை நடுவில் ரோட்டரை வெளியே எடுக்க நிர்வாகம் ஒப்பாது. ஒரு நாள் நிறுத்தம்தான் கிடைக்கும். அதில் டிஇ பேரிங்கை மாற்றலாம், கவரைத் திறந்து எட்டும் அளவுக்குத் தூசி எடுக்கலாம், போல் டிராப் பார்க்கலாம். மீதி வாரங்களை எப்படி ஓட்டுவது?

---

வெள்ளீயம்

பேரிங்கை மாத்தினா ஷாஃப்ட் 0.09 மி.மீ. மேலே வரும், ஞாபகம் வச்சுக்குங்க. கியர்பாக்ஸ் அலைன்மென்டைத் திரும்ப எடுக்காம கப்ளிங்கை மூடாதீங்க. சாஃப்ட் ஃபுட் (இயந்திரக் கால் சமமா உக்காராத இடைவெளி) 0.05 மி.மீ.க்கு உள்ளே இருக்கணும்.

---

கட்டக்கோணம்

முதல் வழி செலவே இல்லாதது: மெகாவாரைக் குறையுங்கள். யூனிட்டி பக்கம் ஓட்டினால் 3.1, பி மண்டலம். பவர் ஃபேக்டரை ஆலையின் கபாசிட்டர் பேங்க் தாங்கினால் பேச்சே முடிந்தது.

அது முடியாது என்றால்தான் பேலன்ஸிங், அதுவும் சமரச பேலன்ஸிங். வளைவு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வருவதால் இது சாத்தியம். போல் டிராப்பும் இன்சுலேஷனும் சரியாக வந்த பிறகே தொடுங்கள். சுமை இல்லா வெக்டருக்கும் முழுச்சுமை வெக்டருக்கும் நடுப்புள்ளி 3.1, கோணம் 94. அதை ரத்து செய்யும் எடையை, அதாவது 274 டிகிரியில் 3.1 உண்டாக்கும் எடையை வைத்தால், சுமை இல்லாதபோதும் 2.5, 0.85-இலும் 2.5 வரும். நடுவில் யூனிட்டியில் இன்னும் குறைவு. ஒப்பந்ததாரர் சுமை இல்லாமல் பேலன்ஸ் செய்து 0.5-க்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால், சுமையில் 5-ஐ ஒட்டியே நின்றிருக்கும். முழுச்சுமையில் பூஜ்யமாக்கினால் ஸ்டார்ட் செய்து வோல்டேஜ் ஏற்றும்போதே 5 வரும். பேரிங் மாற்றிய பின் மூன்று நிலையிலும் வெக்டரைப் புதிதாக எடுங்கள். மேலே போட்ட கணக்கு பழைய பேரிங்குக்கு.

சோதனை எடை அளவோடு இருக்கட்டும். அது தரும் விசை அந்தப் பேரிங் தாங்கும் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 4 டன்னுக்கு 400 கிலோ விசை, 350 மி.மீ. ஆரத்தில் 1500 ஆர்பிஎம்முக்கு அது சுமார் 450 கிராம். 200 கிராமில் தொடங்கினால் போதும். ஜி 2.5 என்ற பேலன்ஸ் தரப்படி 8 டன் ரோட்டருக்கு ஒரு தளத்தில் மிச்சம் இருக்க அனுமதி அதே ஆரத்தில் சுமார் 180 கிராம் என்பதால், அதைவிடச் சிறியதை வைத்தால் மாற்றமே சரியாகத் தெரியாது. டிஇ, என்டிஇ இரண்டு தளத்திலும் தனித்தனியே சோதனை ஓட்டம் எடுத்து, இரு பக்க அளவீட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். டிஇ-யை மட்டும் பார்த்தால் என்டிஇ ஏறும்.

வைத்த எடை எத்தனை கிராம், எந்தத் துளை என்று பதிவேட்டில் எழுதி, எடையின் மேலேயே சிவப்புப் பெயின்ட் பூசுங்கள். ஆஃப் சீசனில் ரோட்டரைச் சரிசெய்த பிறகு யாராவது அதைக் கழற்ற மறந்தால், எந்தச் சுமையிலும் மாறாத 2.5 மி.மீ./வி அங்கேயே நிற்கும். அடுத்த வருடம் இன்னொருவர் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.